பத்து லோகோ, ஒன்பது அம்புக்குறி: தொடர் வழங்கல் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

திறமூலக் கருவிகளைக் கொண்டு கன்டினியூவஸ் டெலிவரி பைப்லைன் அமைப்பது எப்படி என்று தேடிப் பாருங்கள். கட்டுரையோ வீடியோவோ, முதலில் ஒரு படம் வரும். இடது ஓரத்தில் லேப்டாப் முன்னால் ஒரு டெவலப்பர் பொம்மை. அதிலிருந்து வரிசையாக கிட்ஹப், ஜென்கின்ஸ், மேவன், சோனார்க்யூப், நெக்ஸஸ், டாக்கர், ட்ரிவி, ஆர்கோ சிடி, குபர்னெட்டிஸ், கடைசியில் ப்ரொமீதியஸ். பத்து லோகோ, ஒன்பது அம்புக்குறி. இதில் கிட்ஹப் திறமூல மென்பொருளே கிடையாது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

படத்துக்குக் கீழே இன்ஸ்டால் கட்டளைகள். எல்லாவற்றையும் ஓட்டி முடித்தால் பிரவுசரில் ஒரு மாதிரி அப்ளிகேஷன் தெரியும். பச்சை டிக் விழும். கட்டுரை முடிந்துவிடும்.

இந்தக் குறிப்பு அந்த வகைக் கட்டுரைகளைப் பற்றிய விமர்சனம். எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு பைசா வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதைப் படித்து வேலைக்குப் போனவர்கள் ஏராளம். என் வாதம் வேறு. இவை கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கற்றுத் தருகின்றன; மென்பொருளைப் பயனரிடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கற்றுத் தருவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை, வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் காலில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் தூக்கத்தைப் போட்டு நிரப்புகிறார்கள். பைப்லைன் "இருக்கிற" அலுவலகங்களிலும் ரிலீஸ் ராத்திரி ஏன் ஒழியவில்லை என்ற கேள்விக்கு விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது

மார்ட்டின் ஃபவுலர் தொடர் ஒருங்கிணைப்பு பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 2000-இல். அதை ஓட்ட க்ரூஸ்கன்ட்ரோல் என்ற திறமூலக் கருவி 2001-இல் வந்தது. அதே ஆண்டு வந்த அஜைல் அறிக்கையின் முதல் கொள்கையிலேயே தொடர் வழங்கல் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு முழுப் பொருள் கிடைத்தது ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும் 2010-இல் எழுதிய "கன்டினியூவஸ் டெலிவரி" புத்தகத்தில்தான். 'டெப்லாய்மென்ட் பைப்லைன்' என்ற சொல்லைப் பரவலாக்கியதும் அதுவே.

அந்தப் புத்தகம் மேரி பாப்பென்டீக், டாம் பாப்பென்டீக் தம்பதியிடமிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு வரி கோடு மாற்றினால், அது உங்கள் பயனர் கைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? அதை நம்பகமாக, திரும்பத் திரும்ப அதே மாதிரி செய்ய முடியுமா?

கவனியுங்கள், இதில் கருவியின் பெயரே இல்லை. புத்தகத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். கான்ஃபிகரேஷனை எப்படி வைப்பது, எந்த டெஸ்ட் எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும், பிராஞ்சுகளை என்ன செய்வது, டேட்டாபேஸை எப்படி மாற்றுவது என்றுதான் போகிறது. தரவுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு. பத்து லோகோ படத்தில் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடலாம். கன்டினியூவஸ் டெலிவரி என்றால் எந்த நேரத்திலும் வெளியிடத் தயாரான நிலையில் மென்பொருள் இருப்பது. பட்டனை எப்போது அழுத்துவது என்பது ஒரு மனிதரின் முடிவு. டெஸ்ட் பாஸான ஒவ்வொரு மாற்றமும் தானாகவே பயனரிடம் போய்விட்டால் அது கன்டினியூவஸ் டெப்லாய்மென்ட். நம் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "கமிட் செய்தால் தானாகப் போய்விடும்" என்பதையே சாதனையாகக் காட்டுகின்றன. போவது பெரிய விஷயமில்லை. போனது சரியான பொருள்தானா, போனபிறகு திரும்ப முடியுமா என்பதுதான் விஷயம்.

சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறு

இந்தக் கட்டுரைகளில் வழக்கமாக வரும் அமைப்பு இது. டெவலப் பிராஞ்சுக்கு கமிட் வந்தால் பில்டு செய்து டெவ் சர்வருக்கு அனுப்பு. ஸ்டேஜிங் பிராஞ்சுக்கு வந்தால் மறுபடி பில்டு செய்து ஸ்டேஜிங்குக்கு. மெயின் பிராஞ்சுக்கு வந்தால் இன்னொரு முறை பில்டு செய்து புரொடக்‌ஷனுக்கு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே மூன்று தனித்தனி பில்டுகள் இருக்கின்றன. திங்கள்கிழமை ஸ்டேஜிங்குக்குக் கட்டிய இமேஜுக்கும் வியாழக்கிழமை புரொடக்‌ஷனுக்குக் கட்டிய இமேஜுக்கும் நடுவில் அடிப்படை இமேஜ் மாறியிருக்கலாம். லாக் செய்யாத ஒரு லைப்ரரி புதிய பதிப்புக்குத் தாவியிருக்கலாம். டெஸ்டர்கள் மூன்று நாள் உட்கார்ந்து சோதித்த பொருள் வேறு, பயனர் கைக்குப் போனது வேறு. ஒரே கோடு என்பதால் ஒரே பொருள் ஆகிவிடாது. ஒரே மாவுதான் என்று சொல்லி, ருசி பார்த்த தோசையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஈட்டை இலையில் போடுவது மாதிரி.

ஹம்பிளும் ஃபார்லியும் இதற்கு வைத்த விதி எளிமையானது. ஒருமுறைதான் பில்டு. அந்த ஒரே பொருள்தான் எல்லாப் படிகளையும் ஏற வேண்டும். ஒவ்வொரு சூழலுக்கும் மாறுவது கான்ஃபிகரேஷன் மட்டும். அது இமேஜுக்கு வெளியே இருக்க வேண்டும். கன்டெய்னர் உலகில் இதைச் செய்வது 2010-ஐ விட இப்போது எளிது. ஒவ்வொரு இமேஜுக்கும் ஷா256 டைஜெஸ்ட் ஒன்று கிடைக்கிறது. டேக் பெயரை யார் வேண்டுமானாலும் இன்னொரு இமேஜுக்கு மாற்றி வைக்கலாம். உள்ளடக்கம் மாறினால் டைஜெஸ்ட் மாறிவிடும். ஸ்டேஜிங்கில் பாஸான டைஜெஸ்ட் எதுவோ அதையே புரொடக்‌ஷனிலும் எழுதினால் வேலை முடிந்தது. கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை. இருந்தும் கட்டுரைக்குக் கட்டுரை 'லேட்டஸ்ட்' என்ற டேக்கில்தான் டெப்லாய் செய்கிறார்கள். என்றைக்கு எது ஓடியது என்று பிறகு கேட்டால், அந்த டேக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

டெஸ்ட் என்ற வெற்றுப் பெட்டி

மேவன் படியில் பல கட்டுரைகள் தரும் கட்டளையின் வாலில் 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' என்று ஒரு ஒட்டு இருக்கும். டெஸ்ட்டுகளை ஓட்டாதே என்று அர்த்தம். பில்டு சீக்கிரம் முடியட்டும் என்பதற்காகச் சேர்த்தது. அதன் பிறகு சோனார்க்யூப் வந்து கோடின் தரத்தை அளக்கிறது, ட்ரிவி வந்து பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுகிறது. இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் "பணம் கட்டினால் ரசீது வருகிறதா" என்ற கேள்வியை இரண்டுமே கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டிய ஒரே இடத்தை மூடி வைத்துவிட்டுச் சுற்றிலும் காவல் போட்டிருக்கிறோம்.

ஜெஸ் ஹம்பிள் தொடர் ஒருங்கிணைப்பைச் சோதிக்க மூன்று கேள்விகள் கேட்பார் என்று ஃபவுலர் பதிவு செய்திருக்கிறார். குழுவில் எல்லாரும் தினமும் ஒரு முறையாவது மெயின் கோடோடு சேர்க்கிறீர்களா? ஒவ்வொரு சேர்ப்புக்கும் டெஸ்ட்டுகள் தானாக ஓடுகின்றனவா? பில்டு உடைந்தால் சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் சரிசெய்கிறீர்களா? ஜென்கின்ஸ் சர்வரே இல்லாத குழு மூன்றுக்கும் ஆமாம் சொல்லலாம். பத்து லோகோவும் இருக்கிற குழு மூன்றுக்கும் இல்லை என்று சொல்லலாம். இரண்டாவது வகைக் குழுக்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் தனி பிராஞ்சில் கிடந்த கோடை ரிலீஸுக்கு முதல் நாள் சேர்ப்பார்கள். அங்கே பைப்லைன் செய்வதெல்லாம் சண்டையை வேகமாக ஆரம்பித்து வைப்பதுதான்.

அம்புக்குறிகள் ஒரே திசையில் போகின்றன

படத்தில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஒன்பது அம்புக்குறியும் இடமிருந்து வலம். ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை ரிலீஸ் பொறியாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். எட்டு சர்வர்களில் புதிய கோடு போட வேண்டும். ஒருவர் கையால் காப்பி செய்ததில் ஒரு சர்வர் விட்டுப்போனது. அதில் 2003-க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பழைய செயல்பாடு அப்படியே கிடந்தது. புதிய கோடு அதே பழைய சுவிட்சை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்ததால், சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் செத்த கோடு உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் வெளியிட்ட உத்தரவில் இருக்கிறது.

"பைப்லைன் இருந்திருந்தால் எட்டாவது சர்வர் விட்டுப்போயிருக்காதே" என்பார்கள். சரிதான். ஆனால் அதே உத்தரவில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி இருக்கிறது. பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே, சரியாகப் போட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். அதாவது ரோல்பேக் செய்தார்கள். சுவிட்ச் போட்டபடியே இருந்ததால் அந்த ஏழிலும் பழைய செயல்பாடு விழித்துக்கொண்டது. நிலைமை இன்னும் மோசமானது. ஒரு சர்வரில் பிடித்த தீயை அணைக்கப் போய் எட்டுக்கும் பரப்பிவிட்டார்கள். பழைய கோடுக்குத் திரும்புவதும் பழைய நிலைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல.

நம் வேலையில் இதே சிக்கல் டேட்டாபேஸ் வடிவில் வரும். வாடிக்கையாளர் டேபிளில் 'முழுப்பெயர்' என்று ஒரு காலம் இருக்கிறது. புதிய பதிப்பு அதை 'இனிஷியல்', 'பெயர்' என்று இரண்டாகப் பிரித்து, பழைய காலத்தை அழித்துவிடுகிறது. டெப்லாய் ஆனபிறகு வேறு ஏதோ பிழை. ஆர்கோ சிடியில் முந்தைய பதிப்புக்குப் போ என்கிறோம், போய்விடுகிறது. அந்தப் பழைய கோடு 'முழுப்பெயர்' எங்கே என்று தேடுகிறது. அது இல்லை. கிட்டில் ரிவர்ட் போட்டால் கோடு திரும்பும். அழிந்த காலம் திரும்பாது.

இதற்கு வழி உண்டு, எல்லாம் பொறுமைதான். முதல் ரிலீஸில் புதிய காலங்களைச் சேர்த்து, பழையது புதியது இரண்டிலும் எழுதுங்கள், படிப்பது பழையதிலிருந்தே. பழைய வரிசைகளின் தரவைப் பின்னணியில் புதிய காலங்களுக்கு நிரப்புங்கள். இரண்டாவது ரிலீஸில் புதியதிலிருந்து படியுங்கள். எழுதுவது இன்னும் இரண்டிலும். மூன்றாவதில் பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள். சில நாள் கழித்து, எல்லாம் அமைதியாக இருந்தால், பழைய காலத்தை அழியுங்கள். அந்தக் கடைசி அழிப்பு வரை எந்தப் படியில் நின்றாலும் ஒரு படி பின்னால் போக முடியும். ஒரு ராத்திரி வேலையை மூன்று பகல் ரிலீஸாக ஆக்கியிருக்கிறோம். இந்த ஒரு பழக்கம் பல வெள்ளிக்கிழமைகளைக் காப்பாற்றும். லோகோ எதுவும் இல்லாததால் இது படத்தில் வராது.

சாவிக்கொத்து யாரிடம்

ஜென்கின்ஸை டாக்கருக்குள் ஓட்டச் சொல்வார்கள். அதற்குள்ளிருந்து டாக்கர் பில்டு செய்ய, ஹோஸ்ட் மெஷினின் டாக்கர் சாக்கெட்டை உள்ளே மவுண்ட் செய்யச் சொல்வார்கள். பெர்மிஷன் பிழை வரும். உடனே அந்த சாக்கெட்டுக்கு 777 கொடு என்று அடுத்த வரி. பிழை போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். அந்த சாக்கெட்டைத் தொட முடிந்தவர் ஹோஸ்டில் ரூட் ஆனதற்குச் சமம். பிறகு குபர்னெட்டிஸின் முழு அட்மின் சாவியும் அதே ஜென்கின்ஸுக்குள் போகிறது. இப்போது சோர்ஸ் கோடு, இமேஜ் கிடங்கு, புரொடக்‌ஷன் கிளஸ்டர் மூன்றுக்கும் சாவி ஒரே வீட்டில். 2024 ஜனவரியில் ஜென்கின்ஸின் கட்டளைவரி வசதியில் ஒரு ஓட்டை வெளியானது. லாகின் செய்யாதவர்கூட கன்ட்ரோலரில் உள்ள கோப்புகளின் சில வரிகளைப் படிக்க முடிந்தது. உடனே அப்டேட் செய்யாதவர்களின் சாவிக்கொத்து வாசலிலேயே தொங்கியது.

2010 புத்தகத்தின் மையக் கவலை மனிதத் தவறு; அதற்கு மருந்து தானியங்கல். பைப்லைனே திருடனின் இலக்காகும் என்பது அதன் முன்னால் நின்ற பிரச்சினை அல்ல. அந்த வகையில் புத்தகமும் இன்றைக்குப் போதாது.

கோட்கவ் என்ற சேவை, டெஸ்ட் கவரேஜை அனுப்ப ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தது. 2021 ஜனவரி 31 முதல் அதை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். பைப்லைனில் ஓடும்போதெல்லாம் அங்குள்ள ரகசியங்களை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பியது. ஏப்ரல் 1 அன்றுதான் தெரிந்தது. இறக்கிய ஸ்கிரிப்ட்டின் ஹேஷ், கிட்ஹபில் போட்டிருந்த ஹேஷோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கவனித்தார், அவ்வளவுதான். 2025 மார்ச்சில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய ஒரு திறமூல ஆக்‌ஷனில் இன்னொரு விதம். பழைய பதிப்பு டேக்குகளையே தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு வரிகூட மாற்றாதவர்களின் பில்டு லாகிலும் ரகசியங்கள் கொட்டின. டேக்குக்குப் பதில் முழு கமிட் ஹேஷை எழுதியிருந்தவர்களின் பில்டுக்குள் அந்த மாற்றம் நுழையவில்லை.

இரண்டு கதையிலும் மருந்து மேலே இமேஜுக்குச் சொன்னதேதான். பெயரை நம்பாதே, ஹேஷை நம்பு. இங்கே ஆர்கோ சிடிக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கிளஸ்டருக்கு வெளியே இருந்து தள்ளாமல், உள்ளே இருந்தே மாற்றங்களை இழுத்துக்கொள்கிறது. அதனால் கிளஸ்டர் சாவி வெளியே போக வேண்டியதில்லை. அதன் உண்மையான பலம் இதுதான். நம் கட்டுரைகளோ அதன் திரை அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடுகின்றன.

திறமூலத்தின் விலையும் மதிப்பும்

"எல்லாமே ஓப்பன் சோர்ஸ், செலவு பூஜ்யம்" என்பது இந்தக் கட்டுரைகளின் பல்லவி. பத்துக் கருவி என்றால் பத்து அப்டேட் அட்டவணை, பத்து பேக்கப், பத்துப் பாதுகாப்பு அறிவிப்பு. மூன்று பேர் குழுவில் அதை யார் பார்ப்பது? லைசென்ஸுக்குக் கொடுக்காத பணம் சம்பள நேரமாகப் போகிறது.

கருவி வேறு, சேவை வேறு என்பதும் மறந்துபோகிறது. டாக்கர் எஞ்சின் திறமூலம். டாக்கர் ஹப் ஒரு நிறுவனத்தின் சேவை. 2020 நவம்பரில் அடையாளம் சொல்லாமல் இறக்குபவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 இமேஜ் என்று வரம்பு வந்தபோது, ஒரே ஐபியின் பின்னால் இருந்த எத்தனையோ பைப்லைன்கள் காரணம் புரியாமல் நின்றன.

ஆனால் திறமூலத்துக்கு ஒரு நிஜமான மதிப்பு உண்டு. உரிமையாளர் மாறினாலும் மறைந்தாலும் கருவி பிழைக்கும். ஆரக்கிளோடு தகராறு வந்தபோது ஹட்சன் 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. கிட்டியாவிலிருந்து 2022-இல் ஃபோர்ஜெயோ பிரிந்தது. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் லைசென்ஸை மாற்றியபோது ஓப்பன்டோஃபு பிறந்தது. ஃப்ளக்ஸை உருவாக்கிய வீவ்வொர்க்ஸ் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஃப்ளக்ஸ் இன்னும் ஓடுகிறது. கருவி தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது விலை அல்ல, "இதன் முதலாளி போய்விட்டால் இது பிழைக்குமா, நான் வேறொன்றுக்கு மாற முடியுமா" என்பது.

மாற முடிய வேண்டுமென்றால் பைப்லைனின் புத்தி கருவிக்குள் இருக்கக் கூடாது. பில்டு, டெஸ்ட், டெப்லாய், ரோல்பேக் நான்கும் உங்கள் ரெப்போவில் சாதாரண ஸ்கிரிப்ட்டுகளாக இருக்கட்டும். லேப்டாப்பில் ஓட்டினாலும் ஓட வேண்டும். ஜென்கின்ஸ் ஃபைலோ யாமல் ஃபைலோ அந்த நான்கையும் வரிசையாகக் கூப்பிடும் சில வரிகள் மட்டும். நூற்றுக்கணக்கான வரி க்ரூவியில் நிறுவனத்தின் ரிலீஸ் அறிவு முழுவதையும் புதைத்தவர்கள்தான் ஜென்கின்ஸை விட்டு வெளியேற முடியாமல் தவிக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது

நான் பொழுதுபோக்காக ஓட்டும் ஒரு சின்னத் தேடல் தளத்துக்கு ஒரு வாடகை சர்வர், ஃபோர்ஜெயோ, அதன் ரன்னர், டாக்கர் கம்போஸ், போஸ்ட்கிரஸ், மேலே சொன்ன நான்கு ஸ்கிரிப்ட் போதுமானதாக இருக்கிறது. குபர்னெட்டிஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவை வந்தபிறகு வரட்டும்.

வரிசையைத் தலைகீழாகப் போடச் சொல்வேன். முதலில் ரோல்பேக் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். மாதம் ஒருமுறை பகலில் அதை ஓட்டிப் பாருங்கள். பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று தவறுதலாகத் தன் டேட்டாபேஸை அழித்தபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் முறைகளும் சரியாகக் கைகொடுக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அதன் பிறகு பணம், லாகின் போன்ற உயிர்நாடிகளுக்குச் சில டெஸ்ட். அப்புறம் ஒரே பில்டு, டைஜெஸ்ட். கடைசியில்தான் எந்தக் கருவி என்ற பேச்சு. அதற்குள் விடை பெரும்பாலும் சின்னதாகிவிடும்.

இந்த வகைக் கட்டுரை எழுதப்போகும் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள். பச்சை டிக் வந்ததும் கட்டுரையை முடிக்காதீர்கள். வேண்டுமென்றே ஒரு பிழையை அனுப்புங்கள். டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று காட்டுங்கள். பிடிக்காததை அனுப்பிவிட்டு, திரும்பி வாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, தரவு பத்திரமாக இருக்கிறதா என்று எழுதுங்கள். அந்தப் பகுதியைப் படிக்கிறவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோவாக இருக்கலாம். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பயமில்லாமல், சீனியர் யாரையும் எழுப்பாமல், அவர்கள் ஒரு ரிலீஸ் செய்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப முடிந்தால் அந்தக் குழுவிடம் பைப்லைன் இருக்கிறது. லோகோ எத்தனை என்று நான் கேட்க மாட்டேன்.